தலையெழுத்தா, தட்டில் இருந்த குறையா?

குழந்தை குறையோடு பிறந்துவிட்டால், நம் நாட்டில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவள் தாய். கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாள் என்பார் ஒருவர். போன பிறவியில் செய்த பாவம் என்பார் இன்னொருவர். இவள் கால் வைத்த நேரம் சரியில்லை என்று முணுமுணுப்பார் மாமியார். ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு சோதிடரிடம் ஓடுவார் மாமனார். பத்து மாதம் சுமந்து, பெற்றுப் பிழைத்து எழுந்தவளோ, பதில் பேச வகையற்றுச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அவள் உண்டது என்ன, உண்ணக் கிடைக்காதது என்ன என்று கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றாது.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவர் இருந்தார். கேட்டதோடு நில்லாமல், விடை தேடிக் கடல் கடந்து வந்தார். பிறப்பால் ஆங்கிலேயர், ஆனால் அவர் கேள்விக்கு விடை கிடைத்தது இந்த மண்ணில். பம்பாயும், நம் குன்னூரும், சென்னைத் திருவல்லிக்கேணியும் அவர் வாழ்க்கையோடு பிணைந்த ஊர்கள். கர்ப்பிணிகளின் இரத்தம் ஏன் வற்றுகிறது என்று தேடப் புறப்பட்டார். அவர் கண்டுகொடுத்த பொருளோ, அவர் மறைந்த பின்னர், கருவிலுள்ள சிசுவின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் காவலாக விளங்கிற்று. லூசி வில்ஸ் என்பது அந்த அம்மையாரின் பெயர். கருவுற்ற பெண்களுக்கு இன்று அரசு மருத்துவமனைகளில் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரைக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. மாத்திரையை அறிவோம், அம்மையாரை அறிவோமா? அறிந்துகொள்வது நம் கடமை.

1888-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், பர்மிங்காம் நகரை அடுத்த சட்டன் கோல்டுஃபீல்டு என்ற ஊரில் லூசி பிறந்தார். வறுமை அறியாத குடும்பம். செல்ட்டன்ஹாமில் பெண்களுக்கென்று நடந்த புகழ்பெற்ற பள்ளியில் படித்தார். 1907-ல் கேம்பிரிட்ஜில் உள்ள நியூனம் கல்லூரியில் சேர்ந்தார். தாவரவியலும் நிலவியலும் பாடங்கள். 1911-ல் தேர்வும் எழுதித் தேறினார்.

தேர்வு எழுதலாம், தேறவும் தேறலாம், ஆனால் பட்டம் மட்டும் கிடையாது! காரணம், அவர் பெண். உலகுக்கே அறிவொளி வழங்குவதாகப் பெருமை பேசிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கும் பட்டம் வழங்க முன்வந்தது 1948-ல்தான். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் நம் ஊர்த் திண்ணைகளில் மட்டும் இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

1911-ல் தந்தை மறைந்தார். 1913-ல் உடன்பிறந்த சகோதரியையும் பறிகொடுத்தார். துயரத்தில் இருந்த தாயாரோடு இலங்கைக்குப் பயணம் செய்தார். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்கா சென்றார். அவ்வேளையில் முதல் உலகப் போர் மூண்டது. கேப் டவுனில் ஒரு மருத்துவமனையில் தொண்டராகச் சேர்ந்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். நாடு திரும்பியதும் முடிவு செய்துவிட்டார்: மருத்துவம் படிப்பதென்று. 1915-ல், பெண்களுக்கென்றே நிறுவப்பட்ட லண்டன் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1920-ல் மருத்துவராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 32.

மருத்துவரானவர் தனி மருந்தகம் வைத்துப் பொருள் சேர்த்திருக்கலாம். செய்யவில்லை. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தை நாடினார். கருவுற்ற பெண்ணின் உடலில் நிகழும் மாறுதல்கள், அந்நாளில் வரும் நோய்கள், அவற்றின் வேர்கள் இவையே அவர் ஆராய்ந்த பொருள்கள். எட்டாண்டுகள் இப்படிக் கழிந்தன. 1928-ல் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது.

அந்த நாளைய இந்தியாவை எண்ணிப் பார்க்க வேண்டும். பம்பாயின் பஞ்சாலைகள் துணியை மலைமலையாகக் குவித்துக்கொண்டிருந்தன. அந்த ஆலைகளை நம்பி வாழ்ந்த ஏழைக் குடும்பங்களிலோ, கருவுற்ற பெண்கள் வெளுத்து, வீங்கி, மூச்சு வாங்கி, பிள்ளை பெறுவதற்கு முன்போ பெற்ற சில நாட்களிலோ மாண்டுகொண்டிருந்தனர். பிரசவமென்றால் மறுபிறப்பு என்று சொல்லிச் சொல்லி அந்தச் சாவுக்கு நாமும் பழகிப்போயிருந்தோம். பேறுகாலச் சாவுகளின் காரணத்தை அறிய இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் ஒரு விசாரணையை ஏற்பாடு செய்தது. பெண்களுக்கான மருத்துவப் பணியில் நெடுங்காலம் உழைத்த மார்கரெட் பால்ஃபோர் அம்மையார் அழைக்க, லூசி வில்ஸ் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

நோயாளிகளின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்திருந்தன. இருந்தவையோ அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துப்போகும். இது வேறு. அப்படியானால் எது குறைந்தது?

விடையை அவர் நுண்ணோக்கியில் மட்டும் தேடவில்லை, அடுப்பங்கரையிலும் தேடினார். எந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப்பட்ட வீட்டில் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். மேத்தா, தால்படே என்னும் நம் நாட்டவர் இருவர் இந்த ஆய்வுகளில் அவரோடு சேர்ந்து உழைத்தனர் என்பதையும் குறித்துக்கொள்வோம். கணக்குத் தெளிவாகவே பேசிற்று. காய்கறியும் கீரையும் பழமும் பாலும் இறைச்சியும் எந்தத் தட்டுக்கு எட்டவில்லையோ, அந்தத் தட்டுக்குரியவளை நோய் எட்டிப் பிடித்தது. ஏழை முஸ்லிம் பெண்களின் உணவு எல்லோருடைய உணவையும்விட மோசமாக இருந்தது. நோய்க்கு அதிகம் இரையானவர்களும் அவர்களே. அவர்களைக் கொன்றது மதமல்ல, கிரகமுமல்ல. வற்றிய தட்டு!

கண்டதை மெய்ப்பிக்க வேண்டுமே. அந்தப் பெண்கள் உண்ட அதே அரைகுறை உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கருவுற்ற எலிகள் சோகையால் மாண்டன. உணவில் ஈஸ்ட் சேர்த்தால் பிழைத்தன. வெற்றி என்று துள்ளிக் குதித்திருப்பார் வேறொருவர். ஆனால் அந்த எலிகளின் சோகைக்குப் பேன் மூலம் பரவும் ஒரு கிருமியும் காரணம் என்பது பின்னால் தெரிய வந்தது. அம்மையார் சோர்ந்துவிடவில்லை. எலியை விட்டுக் குரங்குக்கு மாறினார். குறைந்த உணவு கொடுத்ததால் சோகை கண்ட குரங்குகளுக்கு, ஈஸ்ட்டிலிருந்து வடித்தெடுத்த மார்மைட் என்ற பண்டத்தைக் கொடுத்தார். குரங்குகள் தேறி எழுந்தன.

மார்மைட் என்பது வேறொன்றுமில்லை. பீர் வடிக்கும் இடங்களில் மிஞ்சும் ஈஸ்ட்டைக் காய்ச்சி எடுத்த கரிய விழுது. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்பார்கள். விலை மலிவு. இதைத்தான் பம்பாயின் நோயாளிப் பெண்களுக்குக் கொடுத்தார். சாவின் வாசலில் நின்றவர்கள் சில நாட்களிலேயே பசி எடுத்து உண்ணத் தொடங்கினர், இரத்தம் ஊறியது, எழுந்து நடந்தனர். 1931-ல் பிரிட்டனின் மருத்துவச் சங்க இதழ் இந்த ஆய்வை வெளியிட்டது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, வேறொரு கொடிய சோகைக்கு ஈரல் மருந்து என்று அமெரிக்காவில் கண்டறிந்திருந்தனர். அம்மையார் அதையும் சோதித்தார். மிகவும் சுத்திகரித்த ஈரல் சாறு அந்தச் சோகையைத் தீர்த்தது. கர்ப்பிணிகளின் சோகையைத் தீர்க்கவில்லை. சுத்திகரிக்காத ஈரலோ இதையும் தீர்த்தது. ஆக, ஈஸ்ட்டிலும் ஈரலிலும் இருப்பது, சுத்திகரிக்கும்போது கழிந்துபோவது, இதுவரை உலகம் அறியாத ஒரு புதிய சத்து என்ற முடிவுக்கு வந்தார். அதற்குப் பெயரில்லை. ஆகவே அறிஞர்கள் அவர் பெயரையே அதற்கு வைத்து, வில்ஸ் காரணி என்று அழைத்தனர்.

இந்த ஆண்டுகளில்தான் அம்மையார் நம் தமிழகத்துக்கும் வந்தார். 1929-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றினார். உணவும் நோயும் பற்றி உலகறிய ஆராய்ந்த இராபர்ட் மெக்காரிசன் அங்கேதான் இருந்தார். அவருடைய ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறிப் பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. 1931-ன் தொடக்கத்தில் திருவல்லிக்கேணிக் கோஷா ஆஸ்பத்திரியில் அம்மையார் பணி செய்தார். கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறிய பிறகும் சென்னைவாசிகள் நாவில் கோஷா ஆஸ்பத்திரியாகவே நிற்கும் அதே இடந்தான். அந்தத் தாழ்வாரங்களில் நடந்துபோகும் கர்ப்பிணிகளில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

வில்ஸ் காரணி என்பது என்ன பொருள் என்பது பத்தாண்டுகள் கழித்துத்தான் விளங்கிற்று. 1941-ல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று அறிஞர்கள், நான்கு டன் பசலைக் கீரையை அரைத்துப் பிழிந்து, அதிலிருந்து ஒரு சத்தைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். இலையில் கிடைத்ததால் ஃபோலிக் அமிலம் என்றனர். தாவரவியல் படித்துப் பட்டம் மறுக்கப்பட்ட பெண் தேடிய மருந்து, இலையிலேயே இருந்தது!

1940-களின் நடுவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாகச் செய்யும் வழியும் கிட்டியது. அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தில் பிறந்தவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர், கதராடை அணிந்த குற்றத்துக்காக முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். பெண் என்பதால் பட்டம் மறுக்கப்பட்டவர் தொடங்கி வைத்ததை, கதர் கட்டியதால் பட்டம் மறுக்கப்பட்டவர் முடித்து வைத்தார். பட்டம் கொடுக்க மறுத்த கைகள் சாதித்தது என்ன?

1933-ல் லூசி வில்ஸ் ராயல் ஃப்ரீ மருத்துவமனைக்குத் திரும்பினார். 1937-ல் மீண்டும் பம்பாய் வந்து சில வாரங்கள் ஆய்வு நடத்திச் சென்றார். இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது குண்டுமழை பொழிந்த நாட்களிலும் ஆய்வுக்கூடப் பணியை விடவில்லை. 1947-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று ஏழை மக்களின் உணவையும் சோகையையும் தேடிக்கொண்டே போனார். கடைசிப் பத்தாண்டுகள் லண்டன் செல்சியில் தொழிற்கட்சியின் நகரமன்ற உறுப்பினராக மக்கள் பணி செய்தார். மணம் செய்துகொள்ளவில்லை. ஆடம்பரம் அறியாதவர், வேலைக்கு மிதிவண்டியில் போய்வந்தவர். 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், 75-ஆம் வயதில் மறைந்தார்.

அம்மையாரின் வாழ்வு அன்றோடு முடிந்தது. அவர் கண்ட பொருளின் கதை முடியவில்லை. அடுத்த ஆண்டே, 1965-ல், லிவர்பூலில் ஹிப்பார்டு, ஸ்மிதல்ஸ் என்ற இரு மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். மூளையும் முதுகுத்தண்டும் சரியாக உருவாகாத குழந்தைகளைப் பெற்ற தாய்மாரில் பலருக்கு, உடலில் ஃபோலிக் அமிலம் சரியாகப் பயன்படவில்லை என்பதே அது.

இதைச் சற்று விளக்கவேண்டும். கரு உருவான சில வாரங்களில், அதன் முதுகுப்புறத்தில் தட்டையாக இருக்கும் ஒரு தகடு, வெற்றிலையைச் சுருட்டுவதுபோலச் சுருண்டு குழலாக மூடிக்கொள்கிறது. நரம்புக் குழல் என்பது அதன் பெயர். அதன் மேற்பகுதி மூளையாகவும் கீழ்ப்பகுதி முதுகுத்தண்டாகவும் வளர்கின்றன. கீழே மூடாமல் நின்றுவிட்டால் முதுகெலும்புப் பிளவோடு குழந்தை பிறக்கிறது. கால்கள் செயலிழக்கலாம், சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம். மேலே மூடாமல் நின்றுவிட்டால் மூளையே முழுதாக வளர்வதில்லை. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. அணுக்கள் விரைந்து பெருகும் அந்த நேரத்தில் ஃபோலிக் அமிலம் மிகுதியாகத் தேவை. இரத்த அணு உருவாகவும் அதுவே வேண்டும். கருவின் அணு பெருகவும் அதுவே வேண்டும்.

ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது 1991-ல். முன்னர் இத்தகைய குறையுள்ள குழந்தையைப் பெற்ற 1,817 பெண்களை, ஏழு நாடுகளில் 33 மருத்துவமையங்களில் சேர்த்து, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு சோதனை நடத்திற்று. பாதிப் பேருக்கு ஃபோலிக் அமிலம் கிடைத்தது. பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. பேறு முடிந்து கணக்குப் பார்த்தபோது, குறையுற்ற கருக்கள் மொத்தம் 27. அவற்றில் ஃபோலிக் அமிலம் பெற்ற பெண்களிடம் 6, பெறாதவர்களிடம் 21. நூற்றுக்கு 72 பங்கு தடுப்பு! இனியும் ஒரு தரப்புக்கு மருந்தை மறுப்பது அறமாகாது என்று சோதனையை முன்கூட்டியே நிறுத்தினர். பம்பாய் ஆய்வு வெளிவந்து அப்போது சரியாக அறுபது ஆண்டுகள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நரம்புக் குழல் மூடுவது கரு உருவான 28 நாட்களுக்குள். அதாவது, நாள் தள்ளிப் போயிருக்கிறதே என்று பெண் எண்ணத் தொடங்கும் காலத்துக்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு மருத்துவமனையில் பெயர் பதிந்து, மாத்திரை வாங்கி, விழுங்கினால் இரத்தத்துக்கு நல்லது; மூடாத குழலை அது மூடாது. ஆகவேதான் கருத்தரிக்கும் முன் ஒரு மாதமாவது தொடங்கி, முதல் மூன்று மாதங்கள் முடியும் வரை, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். முன்பு குறையுள்ள குழந்தை பெற்றவர்களுக்கும், வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் அளவு வேறு; அவர்கள் கருவுறும் முன்பே மருத்துவரைக் காணவேண்டும். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

முருங்கைக் கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, ஆரஞ்சு, ஈரல் இவற்றில் எல்லாம் இந்தச் சத்து உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் சத்தும் சாக்கடைக்குப் போகும். இந்தக் குறையைத் தடுக்க உணவு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

பிறவிக் குறைகள் அனைத்துக்கும் இதுவே மருந்து என்று நாம் சொல்லவில்லை. குறைகள் பலவகை, காரணங்களும் பல. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா அம்மை கண்டால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். முன்கூட்டியே தடுப்பூசி போட்டால் அதைத் தவிர்க்கலாம். மதுவும் புகையும் கருவுக்குப் பகை. அக்காள் மகள், மாமன் மகள் என்று நெருங்கிய இரத்த உறவில் மணம் முடிப்பதால் சில பரம்பரை நோய்கள் வெளிப்படும் வாய்ப்புக் கூடுகிறது. சொத்து வெளியே போகாமல் காக்க நினைப்பவர்கள் இதையும் எண்ணட்டும். காரணமே தெரியாத குறைகளும் ஏராளம். எதிலும் தாய் குற்றவாளி அல்லள். குறையோடு பிறந்த குழந்தையும் தண்டனை அல்ல. மருத்துவமும் கல்வியும் மதிப்பும் பெற உரிமையுள்ள குடிமகன், குடிமகள்.

அமெரிக்கா 1998 முதல் தானிய மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைச் சட்டமாக்கியது. வில்ஸ் பிறந்த பிரிட்டனோ 2024-ல்தான் அதற்குச் சட்டம் செய்தது! நம் நாட்டில், 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்கு அரசு தருகிறது. வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒன்று தரும் திட்டமும் வந்தது. நல்லவையே. ஆனால் மணமாகி, கருவுறக் காத்திருக்கும் இளம்பெண்ணை அந்தக் கை எட்டுகிறதா? திருமணத்தைப் பதிவு செய்யும் அலுவலகத்திலேயே மாத்திரை அட்டை ஒன்றை மணமக்கள் கையில் ஏன் கொடுக்கக் கூடாது? வளைகாப்பு நாளில் ஐந்து வகைச் சோறு கட்டிப் படைக்கிறோமே, அந்த அக்கறையில் ஒரு பங்கைத் திருமண நாளுக்கு மாற்றினால் என்ன?

சீர்வரிசைப் பட்டியலில் பொன்னையும் பாத்திரத்தையும் எண்ணுகிறவர்கள், மணமகள் உடலில் இரத்தம் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கட்டும். மருமகளைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்து, மிஞ்சியதைப் போடும் வழக்கம் ஒழியட்டும். தலையெழுத்து என்று நாடு கைகட்டி நின்ற இடத்தில், தட்டைத் தொட்டுப் பார்த்தார் லூசி வில்ஸ் அம்மையார். அவருக்கு நாம் சிலை வைக்க வேண்டாம். தெருவுக்குப் பெயர் சூட்டவும் வேண்டாம். நம் வீட்டுப் பெண்ணின் தட்டை இன்றிரவு நாம் ஒருமுறை பார்ப்போம்.